இரண்டாவது சத்தம்

தெருவில் ஒரு சத்தம் வந்தது. இருட்டி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. அத்தை சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து அப்போதுதான் கூடத்து ட்யூப்லைட்டைப் போட்டிருந்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சிந்துஜா அந்தச் சத்தத்துக்கு ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. குனிந்து, மடியில் கிடந்த இதழினியின் மூக்கைத்தான் பார்த்தாள். மூக்கு சாதாரணமாக இருந்தது. நெஞ்சு சாதாரணமாக ஏறி இறங்கியது. அப்படியென்றால் சத்தம் இங்கிருந்து வரவில்லை. இருந்தாலும் ஒரு விரலைக் குழந்தையின் மேலுதட்டுக்கு மேல் வைத்து, சூடு வந்து படுகிறதா என்று பார்த்த பிறகுதான் காது வெளியே போனது. வாயை மூடிக்கொண்டு பத்துப் பேர் சேர்ந்து முனகுகிற மாதிரி நீளமாக வந்துகொண்டிருந்தது. கான்வென்ட்டில் படிக்கும்போது சாப்பலில் பாட்டுத் தொடங்குவதற்கு முன்னால் எல்லாரையும் வாய் திறக்காமல் சுதி பிடிக்கச் சொல்வார்களே, அந்த மாதிரி. ஆனால் ஒருத்தருக்கும் சுதி சேராத மாதிரி. வர வர மெலிந்து, வாசலுக்கு நேரே வந்து நின்றது. "அம்மிணி, வண்டி வந்துருச்சு பாரு" என்று மாமனார் வெளியிலிருந்து கூப்பிட்டார். வண்டியா. முந்தாநாள்தான் அவள் கணவன் நவநீதன் போனில் காட்டி விளக்கமாகச் சொல்லியிருந்தான்: கரண்ட் வண்டிக்கு இஞ்சின் சத்தம் கிடையாது, பின்னால் வருவது தெரியாமல் யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள், அதனால் மெதுவாகப் போகும்போது அதுவே ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும். சத்தம் இல்லாமல் வருவதுதான் ஆபத்து என்று அதைச் செய்தவனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது என்று அன்றைக்கு அவள் நினைத்தாள். வெளியே சொல்லவில்லை. இந்த ஏழு மாதமாகச் சத்தம் பற்றி அவள் எது சொன்னாலும் வீட்டில் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள்.

குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு, பீரோவின் மேல்தட்டிலிருந்து அந்தச் சின்ன ஸ்டிக்கர் உருளையை எடுத்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வண்டி காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றது, பிறகு இரண்டு மணிக்கு என்றது, பிறகு வாட்டர் வாஷுக்கு நிக்குதுங்க மேடம் என்றது, கடைசியில் விளக்கு வைத்த பிறகு வந்து நிற்கிறது. கருநீலம் என்று கேட்டு வாங்கியது தெருவிளக்கில் கறுப்பாகத் தெரிந்தது. கேட்டுக்கு வெளியே, முகப்பில் ஒரு பெரிய சாட்டின் ரிப்பன் முடிச்சோடு, கல்யாணத்துக்கு வந்து வாசலிலேயே தயங்குகிற ஆள் மாதிரி நின்றது. ஷோரூம் பையன் ஹரிஹரன் இறங்கி, கையில் அட்டைக் கோப்போடு எல்லாருக்கும் தனித்தனியாக வணக்கம் வைத்தான். மாமனார் அதற்குள் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார், பானெட்டில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமமும் வைத்தாகிவிட்டது. "கௌரி பஞ்சாங்கத்துல ஆறரைல இருந்து ஏழரை. அதுக்குள்ள பழத்து மேல ஏத்தி உள்ள கொண்டு வந்தரோணும்" என்றார். வண்டி சிந்துஜாவின் பேரில் எழுதியது. குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்த அன்றைக்கே அவர் அதைச் சொல்லிவிட்டார், இனிமேல் இந்த வீட்டுக்கு எது வாங்கினாலும் பாப்பா பேரில், பாப்பா வளர்கிறவரை அவங்கம்மா பேரில் என்று. அதனால் ஓடிபி அவளுடைய போனுக்குத்தான் வரும். ஆறு எண். அந்த ஆறு எண்ணை அவள் வாயால் சொன்னால், கோப்பில் இருக்கிற 'பழுதின்றிப் பெற்றுக்கொண்டேன்' என்கிற காகிதத்தில் கையெழுத்தும் போட்டால், வண்டி அவர்களுடையது. எலுமிச்சம்பழம் நசுங்கிவிட்டால் அப்புறம் யாரும் எதுவும் பேச முடியாது. பழத்தின் மேல் ஏறி வந்த வண்டியைப் பின்னால் எடுத்து வெளியே அனுப்புவதா, இந்த வீட்டில் அது நடக்கவே நடக்காது. ஆகவே எது சொல்வதானாலும் இந்த அரைமணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமலே போகட்டும் என்றுதான் அவளும் காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் பாத்துக்கட்டுமாங்க" என்றாள். "தாராளமா பாருங்க மேடம், உங்க வண்டி" என்றான் ஹரிஹரன், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருஷம் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவள் அவள். மேஜைக்கு மேல் வெள்ளை வெளிச்சம், கைக்குக் கை வந்துகொண்டே இருக்கிற சட்டைகள். கழுத்து, தோள், கை, பக்கம், அடி, பிறகு உள்ளே புரட்டி மறுபடியும் கழுத்து. குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டிவிட்டு அடுத்த சட்டை. வேலையை விட்டபோது மிச்சம் இருந்த ஸ்டிக்கர் உருளையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மாமனார் பன்னிரண்டு தையல் மெஷின் போட்டு, கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறவர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "நாள் பூரா எங்க பீஸைத் தூக்கிக் கடாசற செக்கிங்காரிகளுக்குப் பயந்துட்டுக் கெடக்கறேன், இப்ப வீட்டுக்கே ஒருத்தியைக் கூட்டிட்டுப் போறனே" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு முன்பக்கத்திலிருந்து தொடங்கினாள். பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி இந்தப் பக்கம் சுண்டுவிரல் நகம் போகிற அளவு, அந்தப் பக்கம் நகத்தின் நுனி மட்டும். ஒரு அம்புக்குறி. முன்கதவுக்குக் கீழே பெயிண்டில் ஆரஞ்சுத் தோல் மாதிரி சின்னச் சின்னப் புள்ளி. ஒரு அம்புக்குறி. பின் கண்ணாடி ஓரத்தில் ரப்பர் ஒரு அங்குலம் தூக்கிக்கொண்டிருந்தது, அழுத்தினால் போய் உட்கார்ந்தது, கையை எடுத்தால் மறுபடியும் எழுந்தது. "என்றா இது, மாரியாத்தா அம்மை போட்ட மாதிரி ஒட்டிட்டு வர்றா" என்று அத்தை முணுமுணுத்தாள். "புது வண்டியில செவப்பா எதையாவது ஒட்டறது நல்லாவா இருக்குது?" நவநீதன் பக்கத்தில் வந்து மெல்ல, "சிந்து, இதெல்லாம் சின்னச் சின்னது. எல்லா வண்டியிலயும் இருக்கும்" என்றான். சின்னதுதான். அவளுக்கே தெரியும். சட்டையில் நூல் நீட்டிக்கொண்டிருப்பது வேறு, தோள் தையலே விட்டிருப்பது வேறு. முதலாவதுக்காக யாரும் பெட்டியைத் திருப்பி அனுப்புவதில்லை. குனிந்து நடந்துகொண்டே இருக்கும்போது தன் விரல் நகங்களை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றில் சந்தனம் ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை காலை அசெம்பிளியில் கையை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள், சிஸ்டர் மர ஸ்கேலோடு நகம் பார்த்துக்கொண்டே வருவார், பாவாடை முட்டிக்குக் கீழே நான்கு விரல்கடை இருக்கிறதா என்று அளப்பார், ரிப்பன் வெள்ளையா என்று பார்ப்பார். பத்து வருஷம். எல்லாம் சரியாக இருந்தாலும் சிஸ்டர் தன்னைத் தாண்டிப் போகிறவரை அவள் மூச்சு விடமாட்டாள். பிறகு, "தேங்க் யூ சிஸ்டர்." என்ன சொன்னாலும் தேங்க் யூ சிஸ்டர். அடித்தாலும் தேங்க் யூ சிஸ்டர்.

வண்டியைச் சுற்றிக்கொண்டு இடதுபக்கம் வந்தபோது மறுபடியும் ஒரு சத்தம். இது வேறு. வண்டிக்கு அடியில், வயிற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி, ஒரு இழுப்பு, சின்ன இடைவெளி, மறுபடியும் இழுப்பு. அவளுடைய கால் தரையிலேயே நின்றுவிட்டது. "அது என்னங்க சத்தம்" என்றாள். "பம்ப்புங்க மேடம். பேட்டரி சூடாயிருக்குமில்லீங்களா, ஆறறதுக்குத் தண்ணி சுத்தி வருது. வண்டி ஆஃப்ல இருந்தாலும் சித்த நேரம் ஓடும். நார்மலுங்க." நார்மலுங்க. அவன் சொல்வது உண்மையாகத்தான் இருக்க வேண்டும், நவநீதன் காட்டிய வீடியோவிலும் இதைச் சொல்லியிருந்தார்கள். ஆனால் காது அறிவுக்குக் கட்டுப்பட்ட உறுப்பா என்ன. இழுப்பு, இடைவெளி, இழுப்பு. இதழினி பிறந்து ஐம்பத்து மூன்றாம் நாள் ராத்திரி அவள் முதன்முதலாக அதைக் கேட்டாள், துருப்பிடித்த கீல் மெதுவாகத் திறக்கிற மாதிரி. நவநீதனை எழுப்பினாள். தூக்கக் கலக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஒண்ணும் இல்லை படு என்றான். காலையில் அத்தை, "சளிதான் கண்ணு. எல்லாக் கொழந்தைக்கும் இருக்கறதுதான். போகப் போகச் செரியாயிரும்" என்றாள். இரண்டாம் நாள் டாக்டரிடம் போனார்கள். குழந்தையின் நெஞ்சில் அந்த வட்டத்தை வைத்தார், எடுத்தார். அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள், நான்கு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார். புது அம்மாக்களுக்கு எல்லாச் சத்தமும் பெருசாத்தான் கேட்கும் என்று சிரித்தார். அவள் சொன்னாள், "தேங்க் யூ டாக்டர்." அந்தத் தேங்க் யூ. ஏழு மாதமாகப் பாத்திரம் துலக்கும்போதும் துணி மடிக்கும்போதும் தொண்டையில் மீன்முள் மாதிரி வந்து நிற்பது அந்தத் தேங்க் யூதான். சரியாகக் கேட்கவில்லை டாக்டர், இன்னொரு தரம் வைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். எழுந்து வராமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம். வரிசையில் எத்தனை பேர் காத்திருந்தால் என்ன. தேங்க் யூ டாக்டர். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டுகூட வந்தாள். மூன்றாம் நாள் ராத்திரி சத்தம் நின்றுவிட்டது. "பாத்தியா, நான் சொல்லல? நின்னுருச்சு" என்று அத்தை சந்தோஷமாகப் படுக்கப் போனாள். அவளும் சந்தோஷப்பட்டாள், அதை மறைக்க முடியாது, மூன்று ராத்திரித் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினாள், இரண்டு மணி நேரம். எது எழுப்பியது என்று இன்றைக்கும் தெரியாது. ஒன்றும் கேட்காததுதான் எழுப்பியிருக்க வேண்டும். நைட் லேம்ப் வெளிச்சத்தில் குழந்தையின் உதட்டோரம் நாவல்பழம் தின்ற நிறம். பிறகு கோயமுத்தூர் ரோடு, ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்பது நாள், சின்னக் குழாய்கள். சத்தம் இருந்தவரை குழந்தை போராடிக்கொண்டிருந்தது, சத்தம் நின்றபோதுதான் தோற்றுக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று அங்கிருந்த டாக்டரம்மா வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார். முடிக்காத அந்த வாக்கியத்தை அவள் தினமும் முடித்துப் பார்க்கிறாள். வண்டிக்கு அடியில் பம்ப் தானாக நின்றது. தெரு முழுக்க அமைதியானது மாதிரி இருந்தது. "பாருங்க, நின்னுருச்சு" என்றான் ஹரிஹரன்.

இடதுபக்கப் பின்கதவு. குழந்தைக்கான இருக்கையை இங்கேதான் கட்டப் போகிறார்கள், ஏற்கெனவே வாங்கி மாடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கிறது. கதவைத் திறந்தாள். உள்ளே புது ரெக்ஸின் வாசனை, கூடவே பசை வாசனை. மூடினாள். டக். திறந்தாள், மூடினாள். டக். ஏதோ ஒன்று சரியில்லை, என்னவென்று தெரியவில்லை, இருட்டில் படியிறங்கும்போது கடைசிப் படி இருக்கிறது என்று கால் வைத்து, அது இல்லாமல் போகிற மாதிரி. கதவின் ஓரம் முழுக்க டார்ச் அடித்தாள், இடைவெளி சரியாக இருந்தது, பெயிண்ட் சரியாக இருந்தது, ரப்பர்கூட ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. இவ்வளவு நேரம் பார்த்ததில் சுத்தமான பாகம் இதுதான். அம்புக்குறி ஒட்ட ஒரு புள்ளி இல்லை. சுற்றிக்கொண்டு வலதுபக்கம் போனாள். அந்தப் பின்கதவைத் திறந்து மூடினாள். டக், டம். மறுபடியும். டக், டம். அங்கே இரண்டு சத்தம். முதலில் சின்னதாக ஒன்று, பூட்டு பிடித்துக்கொள்கிறது. உடனே பெரிதாக ஒன்று, இழுத்து இறுக்கிக்கொள்கிறது. இடதுபக்கம் முதல் சத்தம் மட்டும்தான். இரண்டாவது சத்தம் வரவே இல்லை. இத்தனை நேரம் அவள் இருக்கிற சத்தங்களுக்குப் பயந்துகொண்டிருந்தாள், முனகலுக்கு, இழுப்புக்கு. இல்லாத சத்தம் இங்கே கதவுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது. ஓடி வந்து இடது கதவை வேகமாகச் சாத்தினாள். டக். இன்னும் வேகமாக. டக். "மேடம், மெதுவாங்க" என்றான் ஹரிஹரன். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த நவநீதன் திரையைக் காட்டி, "எல்லாக் கதவும் மூடியிருக்குன்னுதானே காட்டுது சிந்து. இதோ பாரு, பச்சையா நாலு கதவும்" என்றான். பச்சையாகத்தான் காட்டியது. ஹரிஹரன் கையிலிருந்த கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை உருவினாள். வலது கதவின் விளிம்பில் அதை வைத்து மூடி, நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை, கதவு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, இன்னும் இழுத்தால் கிழிந்துவிடும். இந்தப் பக்கம் வந்து இடது கதவில் அதே மாதிரி வைத்து மூடினாள். இழுத்தாள். வாழையிலையில் தண்ணீர் வழுக்குகிற மாதிரி வந்துவிட்டது. அப்போதுதான் எல்லாரும் காகிதத்தைப் பார்த்தார்கள். பழுதின்றிப் பெற்றுக்கொண்டேன் என்பதற்குக் கீழே அவள் பெயர் தட்டச்சு செய்திருந்தது, பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு பெருக்கல் குறி.

"புது ரப்பருங்க மேடம், போகப் போகச் செட் ஆயிரும்" என்றான் அவன். போகப் போக. "இல்லாட்டி ஃபர்ஸ்ட் சர்வீஸ்ல சொல்லீருங்க, அஞ்சு நிமிஷ வேலை. இப்ப ஓடிபி வந்திருக்கும் பாருங்க." வந்திருந்தது. போன் உள்ளங்கையில் இரண்டு தரம் துடித்தது. நான்கு, ஏழு, ஏழு, பூஜ்யம், மூன்று, ஒன்று. நவநீதன் இறங்கி வந்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஐந்து மாதம் காத்திருந்த வண்டி, காலையிலேயே நண்பர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டான், நாளைக்குச் சென்னிமலைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக அத்தையிடம் சொல்லியிருந்தான். கெட்டவன் இல்லை. கண்ணாடிக்கு வெளியே ஒன்பது நாளும் அவளோடு நின்றவன்தான். "நாளைக்கே நானே ஷோரூமுக்கு ஓட்டிட்டுப் போய்ச் செரி பண்ணிட்டு வந்தர்றேன். இப்ப நம்பரைச் சொல்லு. மணி ஏழு பத்தொன்பது." நாளைக்கே. நாளைக்குச் சரி பண்ணிவிட்டால் சரிதானே. அவன் செய்வான். ஆனால் நாளைக்கு மலைக்குப் போக வேண்டும், நாளன்றைக்கு ஞாயிறு, அதற்குள் நான்கு தரம் கதவைத் திறந்து மூடிவிட்டால் காதுக்குப் பழகிவிடும், அந்த ஒற்றைச் சத்தம்தான் இந்த வண்டியின் சத்தம் என்று ஆகிவிடும், பிறகு ஒருநாள் வளைவில் திரும்பும்போது. அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஆறாம் வகுப்பில் அவளுடைய பெஞ்சில் ஒரு ஆணி தலைநீட்டிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் பாவாடை கிழிந்தது, ஜூலையில் தொடையில் கீறல். சிஸ்டரிடம் சொன்னால், சின்னச் சின்னக் கஷ்டங்களை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிடு குழந்தை என்பார், எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னார். அதனால் அவள் சொல்லவே இல்லை. ஏப்ரல் வரைக்கும் பாதி பெஞ்சில் ஒருக்களித்து உட்கார்ந்தே படித்தாள், முதல் ரேங்க்கூட வாங்கினாள். அடுத்த வருஷம் அந்த வகுப்புக்கு வந்த பிள்ளை யாரோ. அவள் என்ன செய்தாளோ. இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளையை நினைத்ததே இல்லை, இப்போது ஏழு பத்தொன்பதுக்கு, இத்தனை பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நினைவு வருகிறது. அத்தையின் தோளில் கிடந்த குழந்தை தலையைத் தூக்கித் தெருவிளக்கைப் பார்த்தது. "சொல்லு கண்ணு, நேரம் போகுதல்ல" என்றாள் அத்தை, ஆரத்தித் தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு.

"நான் சொல்லமாட்டேன்" என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை, மூக்குக்குள் நின்றுவிட்டது. யாருக்கும் கேட்டிருக்காது என்ற நிம்மதி ஒரு நொடி வந்தது, கேட்காமலே போகட்டுமே, நம்பரைச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாலை ஆற்றலாம். அந்த நிம்மதியை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். டாக்டர் அறைக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வந்தபோது வந்த அதே நிம்மதி. உருளையிலிருந்து ஒரு அம்புக்குறியைக் கிழித்து, இடதுபக்கப் பின்கதவின் கைப்பிடிக்கு மேலே ஒட்டினாள். அது கோணலாக ஒட்டிக்கொண்டது. "இந்தக் கதவு பூட்டல. பாதிதான் பிடிச்சிருக்கு. இதுக்குப் பக்கத்துலதான் என் குழந்தை உட்காரணும். நான் நம்பர் சொல்லமாட்டேன். வண்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க." ஹரிஹரன் நவநீதனைப் பார்த்தான், நவநீதன் தன் அப்பாவைப் பார்த்தான். மாமனார் எது சொன்னாலும் அதுதான் நடக்கும், நேரம் பார்த்தவர் அவர், பழம் வைத்தவர் அவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெட்டி பெட்டியாக அவருடைய சரக்கு திரும்பி வந்து இதே கேட்டுக்கு முன்னால் இறங்கியது, அதிலிருந்து ரிஜெக்ட் என்கிற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்வதில்லை. அவர் மெதுவாக வந்து அந்தக் கதவைத் திறந்தார், சாத்தினார். டக். இன்னொருக்கா சாத்தினார். டக். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் ஒரு தரம் சாத்தினார். டக், டம். அங்கேயே கையைக் கதவில் வைத்தபடி, மெஷின் சத்தம் பிசகினால் ஊசியைப் பார்ப்பாரே, அந்த மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்தார். முன்சக்கரத்துக்கு அடியில் கையை விட்டு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டார். அடுத்ததற்குப் போனார். நான்கையும் எடுத்துவிட்டார். "என்னங்கையா இது, ஏழரைக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்குதுங்க" என்றான் ஹரிஹரன். "இருக்கட்டும் தம்பி. வேற நாளுக்கும் ஏழரை வரும்" என்றார். அவன் கதவருகே போய் அம்புக்குறியை நகத்தால் கிள்ளத் தொடங்கினான். "அதை உரிக்காத. அப்படியே கொண்டு போ. எந்த எடம்னு உங்க ஆளுக தேடாம இருக்கட்டும்." பிறகு அவளைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார். கோபமா, இல்லையா, அவளுக்குத் தெரியவில்லை.

வண்டி பின்னால் நகர்ந்து திரும்பியது. பத்துப் பேர் வாய்மூடி முனகுகிற சத்தம் மறுபடியும் தெருவில் நீண்டது. பக்கத்து வீட்டு பால்கனியிலிருந்து ஒருவர், "என்னங்க நவநீ, வந்த வேகத்துல போகுது?" என்று கேட்டார். "ஒரு சின்ன வேலை இருக்குதுங்" என்று நவநீதன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். ஹரிஹரன் கண்ணாடியை இறக்கி, "வர்றேனுங்க மேடம்" என்றான். அவள் வாய் தானாகத் திறந்தது. தே என்பது நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, வந்ததை விழுங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். போனில் அந்த ஆறு எண் காலாவதியாகிவிட்டதாக ஒரு செய்தி வந்தது. அத்தை ஆரத்தித் தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் தட்டைத் திண்டின் மேல் வைத்தாள். "வாசல் வரைக்கும் வந்த மகாலட்சுமி" என்று தொடங்கி, குழந்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, குழந்தையைச் சிந்துஜாவிடம் நீட்டினாள். "இந்தா, உம்புள்ளயை நீயே வச்சுக்க." அதில் எவ்வளவு வருத்தம், எவ்வளவு சம்மதம் என்று பிரித்துப் பார்க்க இன்றைக்கு அவளுக்குத் தெம்பில்லை. நவநீதன் செருப்பை உதறிவிட்டு உள்ளே போகும்போது, அவள் தோளைத் தொடுவதா வேண்டாமா என்று அவன் கை ஒரு நொடி நின்றது. தொடவில்லை. "போச்சாது உடு, போனாப் போகுது" என்றான், அவளிடமா தன்னிடமா என்று தெரியாத குரலில். நாளைக்குப் பேசுவார்கள். நாளைக்கு ஷோரூமிலிருந்து பெரிய ஆள் கூப்பிடுவார், அந்தக் கதவில் ஒன்றுமே இல்லை என்றுகூடச் சொல்வார், திரையில் பச்சையாகத்தானே காட்டுகிறது என்பார். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு தரம் சொல்லிவிட்டால் அடுத்த தரம் சுலபமாக இருக்கும் என்று யார் சொன்னது.

கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டு, குழந்தையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு கடைசியாக உள்ளே வந்தாள். போன மழைக்காலத்தில் ஊறி உப்பிய வாசல்கதவு, கீழ்க்கீல் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. அன்றிலிருந்து மேல்தாழ்ப்பாள் முக்கால்வாசிதான் போகும். எல்லாரும் அந்த முக்காலோடு விட்டுவிட்டுப் படுக்கப் போவார்கள், அவளும்தான் இத்தனை மாதமாக. பூட்டியிருக்கிற மாதிரிதான் தெரியும். தாழ்ப்பாளைத் தள்ளினாள். டக் என்று முக்காலில் நின்றது. கூடத்திலிருந்து மாமனார் நிமிர்ந்து பார்த்தார், அவருக்கு முன்னால் மேஜையில் நான்கு எலுமிச்சம்பழமும் உருளாமல் ஒரு கிண்ணத்தில் இருந்தன. அவள் கதவின் கைப்பிடியைப் பிடித்து, வலது தோளைக் கொடுத்து மேலே தூக்கினாள். குழந்தை ஒருபக்கம், கதவின் கனம் ஒருபக்கம். மரம் முனகியது, கொஞ்சம் எழும்பியது. அந்த உயரத்திலேயே கதவைத் தாங்கிக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தாழ்ப்பாளை ஓங்கித் தள்ளினாள். நிலைக்குள் போய் முட்டி நின்றது. இரண்டாவது சத்தம் வந்தது. அவள் கையை எடுக்காமல் அப்படியே நின்று கேட்டாள். கழுத்தோரம், கொஞ்சம் ஈரமாக, குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.